ரொறன்ரோ மணிக்கு மறந்த அடுப்பு: வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடொன்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் உள்ள ஆறு மாடிக் கட்டடத்தில் நடந்தது இது. காலம் 2024 ஓகஸ்ட் முதல் 2025 மார்ச் வரை. அந்தக் கட்டடத்தின் மின்வேலைகளையும் கமரா, அழைப்பு மணி போன்றவற்றையும் பார்த்துக்கொள்வது என் தொழில். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், பெயர்களை விட்டுவிட்டேன்.

நான்காம் மாடியில் எழுபத்து நான்கு வயதான பெண்மணி ஒருவர் தனியே இருக்கிறார். பாடசாலையில் மனையியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர். கட்டடத்தில் சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் ‘ரீச்சர்’. கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகள் ரொறன்ரோவில். காலை எட்டு மணியிலிருந்து பதினொரு மணிவரை உதவிக்கு ஒரு பெண் வருவார். அதற்குப் பிறகு வீட்டில் ரீச்சர் மட்டும்தான். சமையலை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

குசினி எட்டடிக்கு ஏழடி. இரட்டைக் காஸ் அடுப்பு, பான்ட்ரிக்குக் கீழே 12.5 கிலோ சிலிண்டர், பக்கத்தில் ஒரு ஹொட் பிளேட். இந்த ஹொட் பிளேட்டுக்கு ஒரு கதை உண்டு. 2021இன் கடைசியில் நாடு முழுக்கக் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகள் வந்தபோது ரீச்சருக்குப் பயம் வந்தது. 2022இல் சிலிண்டருக்கு வரிசை நின்ற நாட்களில் அதை வாங்கினார். தட்டுப்பாடு போய்விட்டது, ஹொட் பிளேட் போகவில்லை. சோற்றை அதில் வைப்பார், கறிகளைக் காஸில். கொழும்பில் நான் ஏறி இறங்கும் வீடுகளில் பாதிக்கு மேல் இதே ஏற்பாடுதான்.

குசினியிலிருந்து ஹோலுக்கு ஒரு நடை இருக்கிறது, பன்னிரண்டு அடி. ஹோலில்தான் தொலைக்காட்சியும் சாய்மனைக் கதிரையும் வைஃபை ரவுட்டரும். கடைசியாகச் சொன்னது இந்தக் கதையில் முக்கியம். ஆனால் அது எனக்கு விளங்க மூன்று மாதம் எடுத்தது.

அன்று மாலை

ஓகஸ்ட் மாதத்தில் ஒரு வேலை நாள், மாலை ஆறரை மணி கழிந்திருந்தது. இரவுப் புட்டுக்குக் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு வைப்பதற்காக ரீச்சர் தாச்சியில் தேங்காயெண்ணெய் விட்டு, அடுப்பை முழுச் சுவாலையில் வைத்தார். அந்த நேரம் மகளின் வட்ஸ்அப் அழைப்பு வந்தது. போனை எடுத்துக்கொண்டு ஹோலுக்குப் போனார்.

மகளின் வார்த்தையில் சொன்னால், “அம்மா கதைச்சுக்கொண்டிருந்தவ, திடீரெண்டு எழும்பினா. பிறகு போனில கூரை மட்டும்தான் தெரிஞ்சுது.”

ரீச்சர் குசினிக்குள் போனபோது தாச்சி எரிந்துகொண்டிருந்தது. முதலில் அடுப்பின் திருகியை மூடினார். புட்டுமா குழைக்கும் பெரிய அலுமினியத் தட்டத்தை எடுத்து, பக்கவாட்டிலிருந்து தள்ளித் தாச்சியை மூடினார். அதற்குள் எதிர்வீட்டுக்காரர் புகை மணத்தில் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். ரீச்சர் கத்திய கத்து ஐந்தாம் மாடிவரை கேட்டதாம்: “தண்ணி ஊத்தாதையுங்கோ!”

அந்தக் கத்துத்தான் அன்று வீட்டைக் காப்பாற்றியது என்பது என் கணிப்பு. எரியும் எண்ணெயில் விழும் தண்ணீர் அடியில் போய் ஒரு நொடியில் ஆவியாகிறது. ஆவியானால் அது ஏறக்குறைய 1,700 மடங்கு இடம் கேட்கும். எண்ணெயைத் துளித்துளியாக மேலே எறியும், எறிந்த ஒவ்வொரு துளியும் எரியும். எட்டடிக் குசினியில் அப்படி நடந்திருந்தால் இதை நான் வேறு விதமாக எழுதியிருப்பேன்.

சேதம்: மேல் அலுமாரியின் அடிப்பலகை கருகியது, புகைபோக்கி விசிறியின் பிளாஸ்டிக் உருகியது, ரீச்சரின் வலது முன்கையில் சிறு கொப்புளம். தீயணைப்புப் படையை, அதாவது 110ஐ, யாரும் அழைக்கவில்லை. அழைத்திருக்க வேண்டும். அணைந்ததுபோல் தெரியும் எண்ணெய் மூடியைத் திறந்ததும் மீண்டும் பற்றக்கூடும். ரீச்சர் அரைமணி நேரம் தட்டத்தைத் தொடவிடவில்லை, அது வேறு விஷயம்.

ஒன்றைக் கவனியுங்கள். அவருக்கு அறிவு குறையவில்லை. எண்ணெய் பற்றினால் என்ன செய்வதென்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர், அந்த நேரத்தில் அதை அப்படியே செய்தார். அவர் அடுப்புக்குப் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். ஆகவே அறிவுரையோ துண்டுப்பிரசுரமோ இங்கே உதவாது என்பது முதல் நாளே தெளிவு.

முதல் முயற்சி: புகை மணி

மகள் ரொறன்ரோவிலிருந்து வந்த உறவினரிடம் ஒரு புகை உணரியைக் கொடுத்தனுப்பினார். செப்டெம்பரில் அதைக் குசினிக் கூரையில் பூட்டியது நான்தான், எனவே இந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு.

முதல் நாள் கடுகு தாளித்தபோது அடித்தது. இரண்டாம் நாள் தேங்காய்ப்பூ வறுத்தபோது. மூன்றாம் நாள் செத்தல் மிளகாய் வறுத்தார். அடித்த அடியில் எதிர்வீட்டுக் குழந்தை எழுந்து அழுதது. நான்காம் நாள் போய்ப் பார்த்தேன். உணரி கூரையில் இருந்தது, அதன் பற்றரி லாச்சிக்குள் உடுப்புக் கொழுவிகளோடும் ரப்பர் வளையங்களோடும் கிடந்தது.

எங்கள் குசினியில் புகை வருவது சமையல் நடக்கிறது என்பதற்கு அடையாளம், ஆபத்துக்கு அல்ல. தாளிதத்துக்கெல்லாம் அலறுகிற மணியை எந்த வீட்டிலும் நான்கு நாளைக்கு மேல் விட்டுவைக்க மாட்டார்கள். உணரியைக் கழற்றி நடைக்கும் ஹோலுக்கும் நடுவில், கடைசிக் காவலாகப் பூட்டினேன். அங்கே இன்றுவரை ஒரு தடவைகூட வீணாக அடிக்கவில்லை.

அளந்து பார்த்தது

அடுத்த கருவிக்குப் போவதற்குமுன் எத்தனை நிமிட அவகாசம் இருக்கிறதென்று தெரிந்துகொள்ள விரும்பினேன். ரீச்சரின் அதே தாச்சியில், அதே அளவு எண்ணெயில், கே வகை வெப்பவிணை (சூட்டை அளக்கும் கம்பி உணரி) ஒன்றை இறக்கி, மொட்டைமாடியில் வைத்து முழுச் சுவாலையில் சூடேற்றினேன். 200 பாகை செல்சியஸைத் தொட நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் கூட எடுத்தது. எண்ணெய் ஏற்கெனவே மெலிதாகப் புகையத் தொடங்கியிருந்தது. அதோடு நிறுத்திவிட்டேன். சமையல் எண்ணெய் தானாகப் பற்றுவது 350 பாகைக்குக் கிட்ட. அதே சுவாலையில் அதற்கு இன்னும் நெடுநேரம் தேவையில்லை.

மறுபக்கம், பருப்பு அரைமணி நேரம் தன்பாட்டில் வேகலாம், ஒருவரும் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை. ஆகவே ‘பத்து நிமிடம் ஆளில்லாவிட்டால் மணி’ என்ற மாதிரி ஒரே நேரக்கணக்கு எண்ணெய்க்குப் பிந்திவிடும், பருப்புக்கு முந்திவிடும். கடையில் விற்கும் நேரக்கணிப்புத் திருகிகளை நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு விடை தண்ணீரிலேயே இருக்கிறது. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை உள்ளே இருப்பது 100 பாகையைத் தாண்டாது. தாண்டினால் ஒன்றில் தண்ணீர் வற்றிவிட்டது, அல்லது உள்ளே எண்ணெய். இரண்டுமே ஆள் நிற்கவேண்டிய நேரங்கள். எத்தனை நிமிடம் விடலாம் என்பதை வெப்பநிலையே தீர்மானிக்கட்டும் என்று விட்டேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கருவியை வைப்பதற்குமுன் ரீச்சர் ஒரு நிபந்தனை போட்டார். “கமரா எண்டா வேண்டாம் தம்பி. இந்த வீட்டில ஆரும் பார்க்காம நான் நிற்கிற இடம் குசினி ஒண்டுதான்.” கமரா இல்லை என்று அன்றே முடிவானது. மகளுக்கு அது பெரிய ஏமாற்றம். ஆனால் அடுப்படியில் நிற்கப்போகிறவர் ரீச்சர். பிடிக்காத கருவியின் பற்றரி எந்த லாச்சிக்குப் போகுமென்று எனக்குத் தெரிந்திருந்தது.

சாமான்களைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினேன். ஈ.எஸ்.பி. 32 கட்டுப்பாட்டுப் பலகை, பாத்திரத்தின் சூட்டைத் தொடாமல் அளக்கும் எம்.எல்.எக்ஸ். 90614 வகைச் செங்கீழ்க் கதிர் உணரி, ஆள் நடமாட்டத்துக்கு ஒரு உணரி, மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலே, ஒலிபெருக்கி, கரண்ட் போனாலும் ஓடுவதற்கு 12 வோல்ட் பற்றரி.

செங்கீழ் உணரியில் முதல் தடவை ஏமாந்தேன். சாதாரணமாகக் கிடைப்பது 90 பாகைக் கோணத்தில் பார்க்கிறது. எழுபது சென்ரிமீற்றர் உயரத்தில் வைத்தால் அது கிட்டத்தட்ட ஒன்றரை மீற்றர் வட்டத்தின் சராசரியைச் சொல்லும்: தாச்சி, கழுவுதொட்டி, சுவர் எல்லாம் சேர்த்து ஓர் எண். 10 பாகைக் கோணத்தில் பார்க்கும் வகை இரண்டை எடுப்பித்து, அடுப்பு ஒன்றுக்கு ஒன்றாக வைத்தேன். அவை பன்னிரண்டு சென்ரிமீற்றர் வட்டத்தை மட்டும் பார்க்கும். நேர்மேலே வைத்தால் புட்டு அவிக்கும் ஆவி கண்ணாடியில் படியும், அதனால் சுவரோரமாகச் சாய்த்துப் பூட்டினேன்.

ஆள் நடமாட்டத்துக்கு முதலில் வைத்தது, மாடிப்படி விளக்குகளுக்குப் போடும், உடற்சூட்டின் அசைவைக் கண்டறியும் பி.ஐ.ஆர். உணரி. அது இரண்டு பக்கமும் பொய் சொன்னது. ரீச்சர் அசையாமல் நின்று வெங்காயம் வெட்டினால் ஆளில்லை என்றது. ஆளே இல்லாதபோது அடுப்பின் சூட்டுக்காற்றைக் கண்டு ஆள் நிற்கிறார் என்றது. இரண்டாவது பொய் ஆபத்தானது. 24 கிகாஹேர்ட்ஸ் ராடார் உணரிக்கு மாறினேன். அது மூச்சுவிடும் அசைவைக்கூடப் பிடிக்கும், சூட்டைப் பார்க்காது. ஆனால் விசிறி சுற்றுவதையும் அசைவென்று எடுக்கும். எவ்வளவு தூரம்வரை பார்க்கவேண்டும் என்பதைக் குறைத்து, விசிறியிலிருந்து முகம் திருப்பி வைத்ததும் சரியானது.

விதிகள் இப்படி அமைந்தன. பாத்திரம் 110 பாகைக்குக் கீழே இருந்தால் இருபது நிமிடம் ஆளில்லாமல் விடலாம், பிறகு ஒரு நினைவூட்டல். 140 பாகைக்கு மேலே என்றால் தொண்ணூறு விநாடிதான். நினைவூட்டியும் ஒரு நிமிடத்துக்குள் யாரும் வராவிட்டால் எதிர்வீட்டில் மணி அடிக்கும், ஹொட் பிளேட்டின் மின்சாரமும் காஸ் வால்வும் அடைபடும். 240ஐத் தாண்டினால் ஆள் நின்றாலும் அடைபடும். இந்தக் கடைசி எல்லையை வெறும் தோசைக்கல் இரண்டு தரம் தொட்டுவிட்டது. ரீச்சர் மாவும் கையுமாக நிற்க அடுப்பு அணைந்தது. அன்று எனக்கு விழுந்த பேச்சை இங்கே எழுதத் தேவையில்லை. எல்லையை 260க்கு உயர்த்தினேன். ஜப்பானில் 2008 முதல் வீட்டுக் காஸ் அடுப்புகளின் ஒவ்வொரு எரிவாயிலும் எண்ணெய் மிகையாகச் சூடாவதைத் தடுக்கும் உணரி இருக்கவேண்டும் என்பது சட்டம். அவை ஏறத்தாழ 250இல் குறைக்கின்றன. ஆகவே அதிகம் விலகவில்லை.

காஸ் வால்வை நான் பூட்டவில்லை. காஸ் வேலை தெரிந்த ஒருவரை டிசெம்பரில் அழைத்துத்தான் செய்வித்தோம். அதுவரை எங்கள் கருவி ஹொட் பிளேட்டை மட்டும் நிறுத்தியது, காஸுக்குக் குரல் மட்டும். பிந்தினாலும் இது சரியான முடிவு. அவர் வந்து முதலில் காட்டியது பழைய ரப்பர் குழாயை: மடித்துப் பார்த்தபோது மயிரிழை வெடிப்புகள். எந்த உணரியும் அதைச் சொல்லியிருக்காது. வால்வு மூடினால் தானாகத் திறக்கக்கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். சுவாலை அணைந்த அடுப்பில் வால்வு மீண்டும் திறந்தால் காஸ் சும்மா வெளியேறும். கையால் நிமிர்த்தினால்தான் திறக்கும் வகையே பூட்டப்பட்டது. காஸ் கசிவு உணரி ஒன்றையும் சேர்த்தோம், தரையிலிருந்து ஓரடி உயரத்தில். இந்தக் காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். கூரைக்குக் கிட்ட அதைப் பூட்டியிருக்கும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

குரல்

நினைவூட்டலுக்கு முதலில் ஒரு பஸரைத்தான் வைத்தேன். ஒக்ரோபர் நடுப்பகுதியில் கருவி ஓடத் தொடங்கியது. முதல் வாரம் அது கத்திக்கொண்டிருக்க ரீச்சர் ஹோலில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். வயது போகும்போது முதலில் மங்குவது கூர்மையான ஒலிகளைக் கேட்கும் திறன். சாதாரணப் பஸர், புகை மணி எல்லாம் 3,000 ஹேர்ட்ஸுக்குக் கிட்டக் கத்துபவை. எனக்குக் காது குடையும் ஒலி அவருக்கு எங்கோ தூரத்து நுளம்பு.

பேச்சுக் குரல் அதைவிடத் தாழ்ந்த சுருதி. “அடுப்பைப் பாருங்கோ” என்று என் குரலைப் பதிந்து வைத்தேன். வீட்டுக்குள் திடீரென ஆண் குரல் கேட்டதும் ரீச்சர் பதறிப்போனார். சரி, இதுவும் சரிவராது. எதிர்வீட்டில் தரம் ஏழு படிக்கும் பிள்ளை ஒன்று பின்னேரங்களில் அவரிடம் கணக்குச் செய்ய வரும். அந்தப் பிள்ளையைக் கொண்டு பதிந்தோம்: “ரீச்சர், அடுப்பு!” அதன் பிறகு ஒருதரமும் அவர் கேட்காமல் இருந்ததில்லை. நேரில் நின்று பார்த்தேன். அந்தக் குரல் வந்ததும் “வாறன், வாறன்” என்று பதில் சொல்லிக்கொண்டே எழும்புகிறார்.

ரொறன்ரோவுக்குப் போன செய்தி

மகளின் வேண்டுகோளில், ஒவ்வொரு நினைவூட்டலும் அவருடைய போனுக்கும் போகும்படி வைத்திருந்தேன். பெரிய பிழை. இங்கே மதியச் சமையல் நேரம் பன்னிரண்டு மணி என்றால் ஒக்ரோபரில் அங்கே அதிகாலை இரண்டரை. முதல் வாரத்தில் நான்கு இரவு மகள் திடுக்கிட்டு எழுந்து தாயை அழைத்தார். அழைப்பு வந்ததும் ரீச்சர் என்ன செய்வார்? அடுப்பை விட்டுவிட்டு ஹோலுக்கு வருவார். அங்கே அனுப்பிய எச்சரிக்கையே இங்கே ஆளை அடுப்பிலிருந்து எழுப்பியது.

பத்தாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பவரால் திருகியை மூட முடியாது. எச்சரிக்கையை முதலில் வீட்டில் இருப்பவருக்கு, பிறகு எதிர்வீட்டுக்கு என்று மாற்றினேன். மகளுக்கு வாரம் ஒரு சுருக்கம், அதுவும் ரீச்சர் பார்த்து ‘அனுப்பு’ என்ற பிறகு. “அண்ணா, எனக்கு ஒண்டும் தெரியாம இருக்கிறது சரியில்லையே” என்றார் மகள். இரண்டு வாரம் கழித்து, நித்திரை கொள்ளக்கூடியதாக இருக்கிறது என்றும் அவரே சொன்னார்.

பதிவேடு காட்டியது

நவம்பர் கடைசியில், ஒவ்வொரு நினைவூட்டலின் நேரத்தையும் கருவி குறித்துவைத்த பதிவேட்டைத் தாளில் எடுத்து ரீச்சரின் மேசையில் விரித்தேன். மறதி கூடுகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். மகளுக்கும் அந்தப் பயம் இருந்தது, ரீச்சருக்கும் சொல்லாமல் இருந்தது.

மாலை நினைவூட்டல்கள் சிதறிக் கிடக்கவில்லை, ஒரே இடத்தில் குவிந்திருந்தன. ஒக்ரோபர் முழுவதும் ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில். நவம்பர் முதல் வாரத்திலிருந்து அந்தக் குவியல் அப்படியே நகர்ந்து ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவில் போய் நின்றது. கருவியின் மணிக்கூடு பிழைத்துவிட்டதென்று நினைத்து அரைமணி நேரம் அதைச் சோதித்தேன்.

ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். “தம்பி, இது மணிக்கூட்டுப் பிழை இல்லை. அங்க மணியை மாத்தினவை.”

2024 நவம்பர் 3ஆம் திகதி கனடாவில் குளிர்காலத்துக்காக நேரத்தை ஒரு மணித்தியாலம் பின்தள்ளினார்கள். மகள் எப்போதும் தன் நேரம் காலை ஒன்பதுக்கு, வேலை தொடங்குமுன் அழைப்பார். அது இங்கே ஆறரையாக இருந்தது, ஏழரை ஆனது. ரீச்சரின் ‘மறதி’ ரொறன்ரோ மணிக்கூட்டைப் பின்பற்றிப் போயிருக்கிறது.

அப்புறம்தான் கேட்டேன், போனைக் குசினியிலேயே வைத்துக் கதைக்கலாமே என்று. “அங்க நிண்டா பிள்ளையின்ர முகம் உறைஞ்சுபோகும்” என்றார். போய்ப் பார்த்தேன். ரவுட்டர் ஹோலில், நடுவில் இரண்டு கொங்கிறீற் சுவர், குசினியில் வைஃபை ஒரு கோடு. வீடியோ அழைப்பு தெளிவாக வரவேண்டும் என்றால் அவர் ஹோலுக்கு வந்தே ஆகவேண்டும். எண்ணெயை விட்டுப் போனது ஞாபகக் குறைவால் அல்ல, சிக்னல் குறைவால்.

சிக்னலைக் கூட்டும் சிறு பெட்டி ஒன்றை நடையில் செருகினோம். சுவரோரம் ஒரு உயரமான கதிரை, போனைச் சாய்த்து வைக்க ஒரு தட்டு. டிசெம்பரில் மாலை நினைவூட்டல்கள் வாரத்துக்கு ஒன்று இரண்டாக இறங்கின. முழுக் கருவித்தொகுதியையும்விட மலிவான பொருள் இது. இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டியவன் நான். வீட்டுக்கு வீடு ரவுட்டர் பூட்டுகிறவனும் நானேதான்.

தவறவிட்டதும் காப்பாற்றியதும்

ஜனவரியில் ஒரு நாள் பருப்பு அடிப்பிடித்துக் கருகியது, கருவி வாயே திறக்கவில்லை. பாத்திரம் பளபளக்கும் எவர்சில்வர் மூடியால் மூடப்பட்டிருந்தது. மினுங்கும் உலோகம் தன் சூட்டைச் செங்கீழ்க் கதிராக அதிகம் வெளிவிடாது. உணரி மேலேயிருந்து பார்த்து 45 பாகை என்று வாசித்தது, அடுப்பு எரியவில்லை என்றே முடிவெடுத்தது. எரிவாய்க்குப் பக்கத்தில் ஒரு வெப்பவிணையை வைத்து, சுவாலை இருக்கிறதா என்பதைத் தனியாக அறியச் செய்தேன். இப்போது மூடி எதுவானாலும், அடுப்பு எரிகிறது என்பதாவது அதற்குத் தெரியும்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொன்றரையளவில் நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் குரங்கு புகுந்தது என்ற செய்தியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ரீச்சரின் ஹொட் பிளேட்டில் சோறு அரைவேக்காட்டில் இருந்தது. அதைத் தூக்கிக் காஸில் வைத்து இறக்கினார். ஹொட் பிளேட்டின் திருகியைக் குறைக்க மறந்துபோனார். சாப்பிட்டுக் கழுவி, கைபிடித் துணியை மடித்து, ஆறிக்கிடந்த ஹொட் பிளேட்டின் மேல் வைத்துவிட்டுப் படுத்தார்.

பின்னேரம் கரண்ட் வந்தபோது அவர் நித்திரை. ரிலே மின்சாரத்தைத் துண்டித்தபடியே இருந்தது. கரண்ட் திரும்பி வந்தாலும் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் ஹொட் பிளேட்டுக்கு மின்சாரம் என்பது நான் கடைசி நிமிடத்தில் சேர்த்த விதி. 2022இல் ஒரே நாளில் பதின்மூன்று மணித்தியாலம்வரை கரண்ட் நிறுத்திய காலத்தில், இரும்புப்பெட்டி தானாகச் சூடாகி மேசை கருகிய வீடொன்றுக்குப் போயிருக்கிறேன். அந்த ஞாபகத்தில் சேர்த்தது.

அன்று மாலை ரீச்சர் என்னை அழைத்துக் காட்டினார். சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது, திருகி கடைசி எண்ணில், மேலே நாலாக மடித்த துணி. இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவர் துணியை எடுத்து ஆணியில் மாட்டினார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இன்னொரு வீட்டில் இதைச் செய்வதானால் முதல் வாரம் எந்தக் கருவியும் பூட்டமாட்டேன். ஒரு கொப்பியைக் கொடுத்து, அடுப்பை விட்டு எப்போது, எதற்காகப் போனீர்கள் என்று எழுதச் சொல்வேன்.

கடற்காற்றைக் குறைத்து மதிப்பிட்டேன். மூன்றாம் மாதத்தில் ஒலிபெருக்கிக் கம்பியின் முனை பச்சை பூத்து, குரல் இருமத் தொடங்கியது. முனைகளை ஈயத்தால் பற்றவைத்து மெழுகு பூசியிருக்க வேண்டும். கருவிக்கென்று தனிச் செருகியும் வேண்டும். உதவிக்கு வரும் பெண் மிக்ஸி போடுவதற்காக இரண்டு தரம் அதைக் கழற்றியிருக்கிறார். பற்றரி இருந்ததால் நின்றுபோகவில்லை. அவருக்கு இது என்னவென்று ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை, அது என் குறை.

தீயை மூடி அணைக்கும் தீப்போர்வை ஒன்று குசினி வாசலில் தொங்குகிறது, அடுப்புக்கு மேலே அல்ல. அடுப்பு எரியும்போது எட்டி எடுக்கக்கூடிய இடத்தில் அது இருக்கவேண்டும்.

மார்ச் 9ஆம் திகதி கனடாவில் மணியைத் திரும்ப முன்தள்ளினார்கள், அழைப்பு மீண்டும் ஆறரைக்கு வந்தது. அந்த வாரத்துப் பதிவேட்டில் மாலை நினைவூட்டல் எதுவும் இல்லை.

தீராமல் இருப்பது எதிர்வீட்டு மணி. தைப்பொங்கலுக்கு அந்தக் குடும்பம் யாழ்ப்பாணம் போய் ஒரு கிழமை நின்றது. அந்தக் கிழமை மணி அடித்திருந்தால் கேட்க ஆளில்லை. அதனால் கீழே காவலாளியின் அறையில் இரண்டாவது மணி ஒன்றைப் பூட்டி, அதன் கீழே வீட்டு இலக்கத்தையும் ‘லிப’ என்று சிங்களத்தில் அடுப்புக்கான சொல்லையும் எழுதி ஒட்டினேன். சென்ற வாரம் சோதித்துப் பார்த்தோம். லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறி இரண்டரை நிமிடத்தில் நான்காம் மாடிக்கு வந்துவிட்டார். வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றார். சாவியை யாரிடம் கொடுத்து வைப்பது என்று ரீச்சர் இன்னும் முடிவு செய்யவில்லை.